பின்னால் எரியும் சிறு விளக்கு

மோட்டார் சைக்கிளின் முன்னால் எரியும் விளக்கு ஓட்டுகிறவருக்கு வழி காட்டுகிறது. பின்னால் எரியும் சிவப்பு விளக்கோ பின்னே வருகிறவருக்காக எரிகிறது. முன்விளக்கு அணைந்தால் ஓட்டுகிறவர் அந்த நொடியே அறிந்துகொள்வார். பின்விளக்கு அணைந்தால் அவருக்குத் தெரிவதேயில்லை. தெரியாமலேயே பல நாள் ஓட்டிக்கொண்டிருப்பார். வண்டியில் உண்டாகும் பழுதுகளில் இது மிகச் சிறியதாகத் தோன்றினாலும், உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

குண்டூர் நாட்டில் வாழும் எங்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அன்று. குண்டூர் நாடு கொல்லிமலையின் மேலுள்ள ‘நாடு’களுள் ஒன்று. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகையும் காப்பியையும் விற்கவும், செம்மேட்டுக்குச் சென்று வரவும், நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறார்கள். அடைமழைக் காலத்தில் பொழுது சாயுமுன்பே மூடுபனி இறங்கிவிடும். அதே பாதையில் பேருந்தும் லாரியும் வரும். வளைவைத் திரும்பியவுடன் முன்னே செல்லும் வண்டி கண்ணில் படவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பல, வயதானவை. அவற்றின் பின்விளக்கு ஏன் எரியாமல் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பத்தாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

சட்டமும் சிவப்பு நிறமும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ஆம் ஆண்டில் வந்தன. இருட்டிலும், போதிய வெளிச்சம் இல்லாத வேளையிலும் வாகனத்தின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அது 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பதிவு எண் பலகையின்மீது வெள்ளை ஒளி விழுந்து, அவ்வெண்ணை 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. 155 மீட்டர் என்றால் 14 நொடி அவகாசம். விளக்கு இல்லாத வண்டி 20 மீட்டரில்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும் அல்லவா?

ஏன் சிவப்பு? காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிவப்பின் அலைநீளம் அதிகம். ஆகவே அது குறைவாகச் சிதறி நெடுந்தொலைவு செல்கிறது. இதுவே ராலே சிதறல் என்று நாம் படித்தது. ஆனால் மூடுபனிக்கு இது முழுவதும் பொருந்தாது. பனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்துவிடும். எனவே ‘சிவப்புதானே, பனியிலும் தெரிந்துவிடும்’ என்று இருந்துவிடலாகாது. மங்கிய பல்பும், சேறு படிந்த கண்ணாடியும் மலைப் பனியில் பயன்படா.

உள்ளே இருப்பது என்ன?

பின்விளக்கின் சிவப்பு மூடியை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றினால் ஒரே ஒரு பல்புதான் தெரியும். ஆனால் அதற்குள் இரண்டு மின்னிழைகள் உண்டு. மெல்லிய இழை பின்விளக்காக எப்போதும் எரிவது. தடித்த இழை பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிவது. 12 வோல்ட் வண்டிகளில் இப்பல்பின்மேல் பெரும்பாலும் 21/5 வாட் என்று பொறித்திருக்கும். பல்பின் அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். இரு இழைகளுக்கும் அவற்றின் வழியாகத் தனித்தனியே மின்னோட்டம் வருகிறது. திரும்பிச் செல்லும் வழி மட்டும் இரண்டுக்கும் பொது. அது பல்பின் உலோக உறை, ஹோல்டர், வண்டியின் இரும்புச் சட்டம் ஆகியவற்றின் வழியாகச் செல்கிறது. அதைத்தான் பட்டறைகளில் ‘எர்த்’ என்கிறார்கள்.

பல்பின் பக்கவாட்டில் உள்ள இரு சிறு ஆணிகளைக் கவனியுங்கள். ஒன்று மேலாகவும் மற்றொன்று தாழ்வாகவும் இருக்கும். பல்பைத் தலைமாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. பலவந்தமாக மாற்றி மாட்டினால் தடித்த இழை எப்போதும் எரியும். பிரேக் பிடித்ததைப் பின்னால் வருகிறவர் அறியமாட்டார்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சில வண்டிகளில் பின்விளக்குக்கு பேட்டரியிலிருந்து வரும். முதல் மின்கலத்தை 1800இல் உலகுக்கு அறிவித்த வோல்டா இறைப்பற்று மிக்க கத்தோலிக்கர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வேறு பல பழைய வண்டிகளில் எஞ்சினோடு சுழலும் மேக்னட்டோவிலிருந்து நேரே வரும். காந்தம் சுருளைக் கடந்து சுழலும்போது மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. உங்கள் வண்டி எந்த வகை என்று அறிவது எளிது. எஞ்சினை இயக்காமல் சாவியையும் விளக்குச் சுவிட்சையும் மட்டும் போடுங்கள். பின்விளக்கு எரிந்தால் பேட்டரி வகை. எஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து, வேகத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் ஒளிர்ந்தால் மேக்னட்டோ வகை.

நோயும் நோயின் காரணமும்

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, பிறகே மருந்து தர வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் கூறுகிறார். வண்டிக்கும் இதுவே விதி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றுவதால் பயனில்லை. பல்பிலிருந்து தொடங்கி, மின்சாரம் பிறக்குமிடம் வரை ஒவ்வொன்றாகச் செல்ல வேண்டும். கெட்டுப்போனதை மட்டுமன்றி, கெடாமல் இருப்பதையும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு சாட்சி.

முதலாவது, பல்பு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பல்பை மெல்ல அழுத்தித் திருப்பினால் கையோடு வந்துவிடும். சற்று முன்வரை எரிந்திருந்தால் ஆறவிட்டுத் தொடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் தெரியும். கண்ணாடி கறுத்திருந்தால், இழையின் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது என்று பொருள். அதன் ஆயுள் முடியும் காலம் நெருங்கிவிட்டது. இழை முழுமையாகத் தோன்றினாலும் நம்பிவிடாமல் பேட்டரியில் தொட்டுச் சோதிப்பது நல்லது.

இரண்டாவது, ஹோல்டர். மழைநீர் புகுந்து உள்ளேயுள்ள பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் போதும். அம்முனைகளைத் தாங்கும் வில் தளர்ந்திருந்தால் பல்பைச் சரியாகத் தொடாது. ‘லூஸ் காண்டாக்ட்’ என்று எல்லோரும் சொல்லும் பழுது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, எர்த். பின் மட்கார்டில் துரு ஏறினால் மின்சாரம் திரும்பும் வழி அடைபடும். பிரேக் பிடித்தவுடன் பின்விளக்கு மங்கினாலும், இண்டிகேட்டர் போடும்போது அதுவும் சேர்ந்து சிமிட்டினாலும் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். ஹோல்டரின் உறையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி ஒயர் ஒன்றைத் தற்காலிகமாகத் தொட்டுப் பாருங்கள். விளக்கு உடனே பளிச்சென்று எரிந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான்!

நான்காவது, ஒயர். இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்புகளையும், மட்கார்டின் துளை வழியே ஒயர் நுழையும் இடத்தையும் பாருங்கள். அத்துளையிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும். ஒரு பழைய பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து வைத்துக்கொண்டால் அதுவே சோதனை விளக்கு. ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை ஒவ்வோர் இணைப்பிலும் தொட்டுக்கொண்டே வந்தால், எந்த இடம் வரை மின்சாரம் வருகிறது என்பது தெரிந்துவிடும். மேக்னட்டோ வகையில் எஞ்சின் ஓடும்போதுதான் இச்சோதனையைச் செய்ய முடியும்.

ஐந்தாவது, சுவிட்சும் பியூசும். பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பிரேக் மிதியோடு ஒரு சிறு சுருள்வில்லால் இணைந்த சுவிட்சைப் பாருங்கள். வில் அறுந்தால் விளக்கு எரியாது. அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் எப்போதும் எரிந்து பேட்டரியை வற்றச் செய்யும்.

களிம்பின் கணக்கு

சிறிது களிம்பு இருந்தால் என்ன என்று நினைக்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம் என்பவர் 1827இல் வெளியிட்ட விதியே இதற்குப் போதும். 12 வோல்ட்டில் 21 வாட் இழையில் ஓடுவது 1.75 ஆம்பியர், அதன் மின்தடை ஏறத்தாழ 6.9 ஓம். 5 வாட் இழையில் ஓடுவது 0.42 ஆம்பியர், அதன் மின்தடை 28.8 ஓம். இப்போது களிம்பினால் 3 ஓம் மின்தடை கூடுதலாகச் சேர்கிறது என்போம். இழைகளின் மின்தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், மெல்லிய இழைக்கு 5 வாட்டில் சுமார் 4 வாட் கிடைக்கும். தடித்த இழைக்கோ 21 வாட்டில் சுமார் 10 வாட்தான் கிடைக்கும்!

களிம்பு ஒன்றே, ஆனால் பின்விளக்கில் அதன் தீமை அதிகம் தெரிவதில்லை, பிரேக் விளக்கோ பாதி வலுவை இழக்கிறது. பின்விளக்கு எரிகிறது என்பதற்காகப் பிரேக் விளக்கைச் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

என் தந்தையாரின் வண்டி 6 வோல்ட் மேக்னட்டோ வகையைச் சேர்ந்த பழைய மோட்டார் சைக்கிள். அதில் பின்விளக்குப் பல்பு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எரிந்துபோயிற்று. புதுப் பல்பு போட்டால் சில நாள் எரியும், பிறகு அணைந்துவிடும். மட்டமான பல்பு என்றார்கள் சிலர். மலைப் பாதையின் அதிர்ச்சி என்றார்கள் சிலர்.

எரிந்துபோன மூன்று பல்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் மெல்லிய இழையே போயிருந்தது. தடித்த இழை மூன்றிலும் நன்றாக இருந்தது. அதிர்ச்சிதான் காரணம் என்றால் தடித்த இழை ஒரு முறையாவது அறுந்திருக்கக் கூடாதா? பிரேக் விளக்குக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது; பின்விளக்குக்கு மேக்னட்டோவிலிருந்து வருகிறது. அப்படியானால் குற்றம் பல்பிலும் இல்லை, பாதையிலும் இல்லை. மேக்னட்டோவின் வழியில் இருக்கிறது.

மேக்னட்டோவின் அந்தச் சுருள் இரண்டு விளக்குகளுக்கு உணவளிக்கிறது. முன்விளக்கு 25 வாட். பின்விளக்கு 5 வாட். ஆறு பங்கில் ஐந்து பங்கு முன்விளக்குக்கே போகிறது. இத்தகைய பழைய வண்டிகளில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி தனியாக இல்லை. விளக்குகளின் சுமையே அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. முன்விளக்கு ஒரு நொடி அணைந்தால் என்ன ஆகும்? ஆறு பேருக்கு ஆக்கிய சோற்றை ஒருவரே உண்ண நேர்ந்தது போலாகும். பின்விளக்கின் மெல்லிய இழை அத்தனை மின்சாரத்தையும் தாங்க மாட்டாமல் கருகிவிடும்.

மாலையில் எஞ்சினை ஓடவிட்டுத் தந்தையார் முன்விளக்கின் ஒயரை மெல்ல அசைத்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். முன்விளக்கு சிமிட்டிய ஒவ்வொரு முறையும் பின்விளக்கு பளீரென்று ஒளி கூடியது. முன்விளக்கின் ஹோல்டரில் வில் தளர்ந்திருந்தது! ஒவ்வொரு குழியிலும் அது ஒரு கணம் தொடர்பை இழக்க, பின்விளக்கு அதன் தண்டனையை அனுபவித்திருக்கிறது. ஹோல்டரைத் தூய்மை செய்து, வில்லை மாற்றி, எர்த் திருகாணியை இறுக்கினோம். அதன்பின் போட்ட பல்பு மூன்று மாதங்களாக எரிந்துகொண்டிருக்கிறது. நோய் முன்னால் இருந்தது. வலி பின்னால் தெரிந்தது.

செய்யக் கூடாதவை

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. பியூஸ் தான் உருகி, ஒயர்களைத் தீயிலிருந்து காக்கிறது. ஒளி கூடும் என்று எண்ணி வாட் அதிகமுள்ள பல்பை மாட்டக் கூடாது. ஹோல்டரும் மூடியும் சூட்டில் உருகும். உடைந்த சிவப்பு மூடியோடு ஓட்டக் கூடாது; பின்னால் வெள்ளை ஒளி தெரிந்தால், எதிரே ஒரு வண்டி வருகிறது என்று பின்னால் வருகிறவர் மயங்கிவிடுவார். மூடியின் ஒரு பக்கத்தில் நிறமற்ற சிறு பகுதி இருக்கும். எண் பலகைக்கு வெளிச்சம் தருவது அதுவே. மூடியை மாட்டும்போது அப்பகுதி எண் பலகையை நோக்கி இருக்கட்டும். மேக்னட்டோவில் நேரே இணைந்த விளக்குக்குச் சாதாரண எல்.இ.டி. பல்பு ஒத்துவராது, மாறுதிசை மின்னோட்டத்தால் அது படபடக்கும், விரைவில் கெடும். மின்சாரமே வேண்டாத சிவப்பு எதிரொளிப்பானைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதும் அவசியம். விளக்கு கைவிட்ட நேரத்தில் அது ஓரளவு காக்கும். ஆயினும் மூடுபனியில் விளக்கில்லாத வண்டியை ஓட்டாமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் வருவதே அறிவுடைமை.

முடிவாக

1.4.2017 முதல் நம் நாட்டில் புதிய இரு சக்கர வண்டிகளின் முன்விளக்கு எஞ்சின் ஓடும்போதெல்லாம் தானாகவே எரியும்படி அமைக்கப்படுகிறது. பழைய வண்டிகளுக்கு அத்தகைய காவல் இல்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. ஆயத்தமாக இருந்தவர்களோ ஐவரே. விளக்கு இருப்பது வேறு. வேண்டிய வேளையில் அது எரிவது வேறு.

ஓட்டுகிறவர் தம் பின்விளக்கைத் தாமே பார்க்க இயலாது. தனியாக இருந்தால், இருட்டில் வண்டியின் பின்புறம் சுவரை நோக்கியிருக்குமாறு நிறுத்தி, சுவரில் சிவப்பொளி விழுகிறதா, பிரேக் பிடித்தால் அது கூடுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் வீட்டில் அதைவிட எளிய வழி உண்டு. தந்தையோ அண்ணனோ வண்டியை எடுக்கும்போது வாசலில் நின்று வழியனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நாமும் நம் அன்னையரும்தாம். போகிற வண்டியின் முதுகு நம் கண்ணுக்குத்தானே தெரிகிறது! “போய் வாருங்கள்” என்று சொல்லுமுன் “ஒரு முறை பிரேக்கை மிதியுங்கள்” என்று சொல்வோம். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். எரியாவிட்டால் திருப்புளியும் உப்புத்தாளும் எடுத்துவர நமக்குத் தெரியும். இதற்கு அரை நிமிடம் போதும். வளைவுக்கு அப்பால் பனியில் வருகிற முகம் தெரியாத ஒருவருக்கும், நம் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியவருக்கும் அந்த அரை நிமிடம் துணை நிற்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, குண்டூர் நாடு